நேரம் தவறாத சுனை

அந்த நிலத் தரகர் சொன்ன நேரத்துக்கு வந்ததாகச் சரித்திரமே கிடையாது. பத்து மணி என்றால் பன்னிரண்டுக்கு வருவார். பன்னிரண்டு என்றால் மறுநாள் வருவார். வந்ததும் டயர் பஞ்சர் என்பார், அல்லது தூரத்துச் சொந்தத்தில் யாரையாவது சாகடிப்பார். அப்படிப்பட்ட மனிதர் போனில், "சனிக்கிழமை சரியா ஒன்னே முக்காலுக்கு அங்க இருக்கணும். முன்னாடியும் வேணாம், பின்னாடியும் வேணாம்" என்று சொன்னபோது வாஷரின் மண்டைக்குள் ஏதோ குடைய ஆரம்பித்தது.

வாஷர் என்பது அவனுடைய பெயர் அல்ல. அவன் குழாய் மெக்கானிக். வீட்டில் எது பழுதானாலும், அது மோட்டாராக இருந்தாலும் மனிதர்களுக்குள் சண்டையாக இருந்தாலும், "முதல்ல வாஷரைப் பாரு" என்பான். பெரிய கோளாறுகளில் பாதி சின்ன விஷயத்தில்தான் தொடங்குகின்றன என்பது அவன் கட்சி. அந்தப் பெயரை வைத்தவள் அவனுடைய அக்கா.

அக்காவிடம் இருபத்திரண்டு மாடுகள். இரண்டு கன்றுக்குட்டிகளில் தொடங்கிப் பதினாறு வருஷத்தில் சேர்த்தவை. ஒவ்வொன்றும் எந்தப் பக்கம் படுக்கும், எது யாரை முட்டும் என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். அவை மேய்ந்துகொண்டிருந்த வாடகை நிலத்தில் கிடங்கு கட்டப்போகிறார்கள். மாதக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும். பன்னிரண்டு நாட்கள்தான் பாக்கி. அதற்குள் இடம் கிடைக்காவிட்டால் மாடுகளை விற்க வேண்டியதுதான். ஒரு வியாபாரி ஏற்கெனவே வந்து எல்லா மாட்டின் பல்லையும் பிடித்துப் பார்த்துவிட்டுப் போயிருந்தான். அன்றிரவு அக்கா சாப்பிடவில்லை.

இடம் பார்க்கப் போகும்போதெல்லாம் தம்பியைக் கூட்டிக்கொண்டு போவாள். அவன் மூன்று இடங்களை வேண்டாம் என்று சொல்லியிருந்தான். முதல் இடத்தில் தண்ணீர் தேங்கும், குளம்பு அழுகிவிடும். இரண்டாவதில் கிணற்று நீர் கரித்தது. மூன்றாவதில் பால் வண்டி ஏற முடியாத பாதை. காரணங்கள் சரியானவைதான். ஆனால் நாட்கள் ஓடிக்கொண்டிருந்தன.

"உன் வாயிலேருந்து 'சரி'ங்கிற வார்த்தையை டாக்டர் கிட்ட காட்டித்தான் எடுக்கணும் போல" என்றாள் அக்கா.

"சரியா இருந்தா சரின்னு சொல்லப் போறேன்."

"இந்தா, இப்பவே ரெண்டு தடவை சொல்லிட்ட. அதை நிலத்தைப் பாத்து ஒரு தடவை சொல்லுடா."

நான்காவது இடம் இந்தப் பள்ளத்தாக்கு. செவ்வாய்க்கிழமை முதல்முறை பார்த்தார்கள். அன்றைக்கும் தரகர் குறித்த நேரம் விசித்திரமானதுதான்: பத்து நாற்பது. இரண்டு பக்கமும் மலை, நடுவே உள்ளங்கையை லேசாகக் குவித்தது போல் சரிந்த புல்வெளி. மேல் மூலையில் ஒரு பாறை. பாறையின் அடியில் சுனை. அதிலிருந்து புறப்பட்ட ஓடை வெயிலில் மினுமினுத்துக்கொண்டு புல்லுக்கு நடுவே இறங்கியது. அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு ஓடைக்குள் நின்றாள். அவள் முகத்தைப் பார்த்தபோது, இதையும் வேண்டாம் என்று சொல்ல நேர்ந்தால் தன்னால் முடியுமா என்று வாஷருக்குப் பயமாக இருந்தது.

அவன் தன் வழக்கப்படி வண்டியிலிருந்து பதினைந்து லிட்டர் வாளியை எடுத்து ஓடை விழும் இடத்தில் வைத்தான். இருபத்து நான்கு விநாடியில் நிரம்பியது. அருமையான வரத்து. ஆனால் ஒரு விஷயம் அவன் கண்ணை உறுத்தியது. சுனையைச் சுற்றியிருந்த பாறையில், நீர்மட்டத்துக்கு ஒரு முழம் மேலே, வெள்ளையாக ஒரு உப்புக் கோடு ஓடியது. தண்ணீர் பல வருஷம் ஒரே மட்டத்தில் நின்றால்தான் அப்படிக் கோடு விழும். பழைய தொட்டிகளைக் கழற்றும்போது அவன் தினமும் பார்ப்பதுதான். அப்படியென்றால் தண்ணீர் ஒரு காலத்தில் அந்த உயரத்தில் நின்றிருக்கிறது. ஏன் இறங்கியது?

கேட்பதற்குள் தரகர், "கிளம்பலாம், கிளம்பலாம், எனக்கு இன்னொரு பார்ட்டி காத்திருக்கு" என்று இருவரையும் ஆட்டை ஓட்டுவது போல் ஓட்டிக்கொண்டு வந்துவிட்டார். மணி அப்போது பதினொன்றே கால்.

இப்போது ஒன்றே முக்கால் என்கிறார்.

"அக்கா, நேரம் தவறுற ஆளு ஒருத்தர் இவ்வளவு கறாரா நேரம் சொல்றாருன்னா, அது அவரோட நேரம் இல்ல. வேற யாரோடதோ" என்றான் வாஷர். "நாம முன்னாடியே போவோம்."

சனிக்கிழமை பன்னிரண்டு மணிக்கெல்லாம் அக்காவின் பால் வண்டி பள்ளத்தாக்கில் இறங்கி நின்றது.

ஓடை இல்லை.

ஓடை ஓடிய தடம் இருந்தது. கூழாங்கற்கள் இருந்தன, அவற்றின் அடிப்பக்கம் இன்னும் ஈரம். சுனையில் ஒரு குடம் மொள்ளும் அளவுக்குக்கூடத் தண்ணீர் இல்லை. பாறைக்கு அடியில் தலை நுழையும் அளவு துவாரம் ஒன்று வாயைத் திறந்துகொண்டு கிடந்தது. அக்கா செவ்வாயன்று செருப்பைக் கழற்றிய அதே இடத்தில் செருப்போடு நின்றாள்.

வீட்டிலிருந்து நிலத்துக்காரர் வேகமாக வந்தார். முப்பது வருஷம் மலைப்பாதையில் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். எல்லோருக்கும் அவர் டிரைவர்தான். வந்தவர் விருந்தாளிகளின் முகத்தைப் பார்ப்பதற்கு முன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"நீங்க ஒன்னே முக்காலுக்குத்தானே..."

"அதுக்குள்ள தண்ணிய வாடகைக்குக் கொண்டு வந்திருப்பீங்களா சார்?" என்றாள் அக்கா. குரல் உயரவில்லை. அதுதான் இன்னும் சுட்டது.

டிரைவர் கடிகாரம் கட்டிய கையை இறக்கினார். "உள்ள வாங்கம்மா. காட்டிடறேன். தரகர் சொல்ல வேணாம்னாரு. இதுக்கு முன்னாடி வந்த மூணு பேரும் காஞ்ச ஓடையைப் பாத்துட்டு வண்டியத் திருப்பிட்டாங்க. ஆனா ஒளிச்சு வெச்சு விக்கிறது எனக்கும் தொண்டையில முள்ளு மாதிரிதான் இருந்துச்சு."

சமையலறை சுத்தமாக இருந்தது. அடுப்புக்கு மேலே ஒரு கடிகாரம், ஜன்னல் அருகே இன்னொன்று, வாசல் நிலைக்கு மேலே மூன்றாவது. மூன்றும் விநாடி பிசகாமல் ஒரே நேரம் காட்டின. டிரைவர் மாவு டப்பாவுக்குப் பின்னாலிருந்து தடித்த நோட்டுகள் மூன்றை எடுத்தார். ஒவ்வொரு பக்கத்திலும் பஸ் நிலையப் பலகை போலக் கட்டங்கள்: தேதி, புறப்பாடு, நிறுத்தம்.

"இது என்ன, பழைய டூட்டி சார்ட்டா?" என்றான் வாஷர்.

"சுனையோட டைம்டேபிள் தம்பி. நாப்பத்தஞ்சு நிமிஷம் ஓடும், நிக்கும். மறுபடி ரெண்டு மணி அம்பத்தஞ்சு நிமிஷம் கழிச்சு ஓடும். ஆக மொத்தம் மூணு மணி நாப்பது நிமிஷத்துக்கு ஒரு டிரிப். இன்னிக்குக் காலைல பத்துக்கு வந்துச்சு. அடுத்தது ஒன்னு நாப்பது. என் சர்வீஸ்ல இவ்வளவு கரெக்டா ஒரு பஸ் ஓடினதில்ல."

"வெயில் காலத்துல?"

"அப்ப டிரிப் கம்மி. ரொம்பக் காய்ஞ்ச மாசத்துல ஆறு மணி நேரத்துக்கு ஒன்னு. ஆனா வந்தா அதே நாப்பத்தஞ்சு நிமிஷம், அதே அளவு. பன்னெண்டு வருஷமா எழுதறேன். ஒரு தடவைகூட கேன்சல் ஆகல."

அக்காவுக்குக் கோபம் இன்னும் அடங்கவில்லை. "மாடு உங்க டைம்டேபிளைப் படிச்சுட்டா தண்ணி குடிக்கும்?"

டிரைவர் ஜன்னலைக் காட்டினார். அவரிடம் மிச்சமிருந்த ஒரே கிழட்டுப் பசு நிழலில் படுத்திருந்தது. நோட்டைப் புரட்டியபடி காத்திருந்தார்கள். மணி ஒன்று முப்பத்தைந்து ஆனதும் பசு எழுந்தது; முதுகை நெளித்தது; யாரும் ஓட்டாமலே சுனையை நோக்கி நடந்தது.

"எப்படித் தெரியுதுன்னு கேக்காதீங்க. அது வாட்ச்சும் கட்டல" என்றார் டிரைவர்.

மூவரும் அதன் பின்னால் போனார்கள். வாஷர் துவாரத்தின் முன் குப்புறப் படுத்துக் காதை வைத்தான். முதலில் ஒன்றுமில்லை. பிறகு உள்ளே எங்கோ சொட்டுச் சொட்டாக வழியும் ஓசை. அது மெல்லிய கசிவாகியது. அடுத்த சில விநாடியில் மலை பெருமூச்சு விட்டது போல ஒரு சத்தம் கேட்க, அவன் முகத்தில் தண்ணீர் அறைந்தது. சட்டை முழுக்க நனைந்து எழுந்தவன் சிரித்துக்கொண்டிருந்தான். மணி ஒன்று நாற்பது.

அதே சமயம் மேட்டிலிருந்து ஒரு கார் புழுதியைக் கிளப்பிக்கொண்டு வந்து நின்றது. தரகர் இறங்கினார். வாழ்க்கையில் முதல் தடவையாகச் சொன்ன நேரத்துக்கு ஐந்து நிமிஷம் முன்னால் வந்திருந்தார்.

"பாத்தீங்களா தண்ணிய?" என்றார் முகம் நிறையச் சிரிப்போடு.

"பாத்தோம். இல்லாததையும் பாத்தோம்" என்றாள் அக்கா.

தரகரின் சிரிப்பு, ஸ்விட்ச்சைத் தட்டிய பல்பு போல அணைந்தது.

வாஷர் இவர்களைக் கவனிக்கவில்லை. சுனைக்கு எதிரே உட்கார்ந்து முழு நாற்பத்தைந்து நிமிஷமும் அசையாமல் பார்த்தான். இரண்டு இருபத்தைந்துக்கு வரத்து தளர்ந்தது. உடனே பாறையின் வயிற்றுக்குள்ளிருந்து ஒரு ஓசை வந்தது: களக், களக், சர்ர்ரக். தண்ணீரோடு காற்றையும் சேர்த்து விழுங்கும் ஓசை. பிறகு அமைதி.

அவன் துள்ளி எழுந்தான். "அக்கா, இந்தச் சத்தம் எனக்குத் தெரியும். தினமும் கேக்கற சத்தம். பழைய சங்கிலி ஃப்ளஷ் டேங்க் காலியாகும்போது கடைசியா ஒரு உறிஞ்சு உறிஞ்சுமே, அதேதான். இது மலை இல்ல. பெரிய ஃப்ளஷ் டேங்க்."

"கக்கூஸைக் காட்டியா எனக்கு நிலம் விக்கறீங்க?" என்று தரகரைப் பார்த்தாள் அக்கா.

"சார், உங்க கிட்ட ட்யூப் இருக்கா? ரெண்டு வாளி?" என்று டிரைவரிடம் கேட்டான் வாஷர்.

சமையலறை மேசை மேல் ஒரு வாளி, கீழே முக்காலியில் ஒரு வாளி. மேல் வாளியில் தண்ணீர் ஊற்றி, ட்யூபின் ஒரு முனையை அதில் பாதி ஆழத்துக்கு விட்டு, விளிம்புக்கு மேலே வளைத்து, மறுமுனையைக் கீழ் வாளியில் தொங்கவிட்டான் வாஷர். வாயால் ஒரு இழுப்பு. தண்ணீர் தானாக மேலேறி வளைவைத் தாண்டிக் கீழே கொட்டியது.

"இது தெரியும். டீசல் எடுக்கறது. இதுல எனக்கு முப்பது வருஷ சர்வீஸ்" என்றார் டிரைவர், உடனே தரகரைப் பார்த்து, "கம்பெனிக்குத் தெரிஞ்சுதான்" என்று சேர்த்துக்கொண்டார்.

"அந்தப் பாறைக்குள்ள மேல் வாளி மாதிரி ஒரு குகை இருக்கு. மலைக்குள்ளேருந்து தண்ணி அதுல ராப்பகலா ஒரே சீரா சொட்டிக்கிட்டே இருக்கு. வெளிய வர்ற வழி நேரா இல்ல. இந்த ட்யூப் மாதிரி மேல ஏறி வளைஞ்சு இறங்குது. குகைல தண்ணி வளைவு உசரத்துக்கு ஏறற வரைக்கும் வெளிய ஒரு சொட்டு வராது. அதைத் தாண்டிட்டா இறங்கற தண்ணி பின்னாடி இருக்கறதையெல்லாம் இழுத்துக்கிட்டு வந்துரும். எதுவரைக்கும்? இந்த முனை வரைக்கும்."

மேல் வாளியில் நீர்மட்டம் ட்யூபின் முனைக்கு இறங்கியது. களக் என்று காற்றை இழுத்தது, நின்றது. அக்கா தன்னையறியாமல் ஒரு எட்டு முன்னால் வந்திருந்தாள்.

"அப்போ தண்ணி நிக்கறதில்ல. உள்ள நிரம்பிட்டு இருக்குங்கற."

"ஆமா. சரி, இப்ப இன்னொன்னு பாரு." மேல் வாளியை மறுபடி நிரப்பி, இழுத்துத் தண்ணீரை ஓடவிட்டான். ஓடும்போதே கீழ் வாளியை மெல்லத் தூக்கி, அதன் நீர்மட்டம் மேல் வாளியிலிருந்த ட்யூப் முனையைவிடக் கொஞ்சம் உயரமாக இருக்கும்படி பிடித்தான். இரண்டு வாளியிலும் மட்டம் சமமானதும் ஓட்டம் நின்றது. ஆனால் களக் சத்தம் இல்லை. ட்யூப் நிறையத் தண்ணீர் அப்படியே இருந்தது. "இப்ப மேல ஒரு டம்ளர் ஊத்துங்க சார்." டிரைவர் ஊற்றினார். கீழ் வாளியில் மட்டம் உடனே ஏறியது. "ஊத்த ஊத்த இந்தப் பக்கம் வரும். காத்து உள்ள போகாதவரைக்கும் தண்ணிச் சங்கிலி அறாது."

வாஷர் கைகளைத் துடைத்துக்கொண்டான். "சார், சுனையைச் சுத்தி ஒரு முழம் மேல வெள்ளைக் கோடு இருக்கு. அந்த உசரத்துக்கு ஒரு கரை இருந்திருக்கணும். அது எங்க போச்சு?"

டிரைவர் காலி டம்ளரை மேசை மேல் வைத்தார்.

"நான் வாங்கின புதுசுல சுனை நூல் மாதிரிதான் வழிஞ்சுக்கிட்டு இருந்துச்சு தம்பி. எப்பவும் வழியும், நிக்காது. ஆனா நூல்தான். வாசல்ல பெரிய பெரிய கல்லா அடுக்கியிருந்துச்சு. அடைப்புன்னு நினைச்சேன். கடப்பாரை போட்டு எல்லாத்தையும் பேத்து எடுத்தேன். எடுத்ததும் பாருங்க, ஆறு மாதிரி பொங்கிக்கிட்டு வந்துச்சு. பொண்டாட்டியைக் கூப்பிட்டுக் காட்டினேன். முக்கால் மணி நேரம் ராஜா மாதிரி நின்னேன். அப்புறம் நின்னு போச்சு. சுனை என் மேல கோச்சுக்கிச்சுன்னுதான் இத்தனை வருஷமா நெனச்சுட்டு இருந்தேன்."

"கல்லைத் திரும்ப வெச்சுப் பாக்கலயா?"

"தண்ணி வரலைன்னா யாராவது போயி அடைப்பாங்களா?"

நியாயமான கேள்விதான். வாஷரே அந்த இடத்தில் இருந்திருந்தால் கடப்பாரையைத்தான் எடுத்திருப்பான். குழாய் வேலையில் அடைப்பை எடுப்பது முதல் பாடம்; அடைப்பு மாதிரித் தெரிவது அடைப்புதானா என்பது கடைசிப் பாடம்.

"கல்லு இப்ப எங்க?"

டிரைவர் வாசல் பக்கம் கீழே பார்த்தார். எல்லோரும் அங்கே பார்த்தார்கள். வீட்டு வாசல் படிகள் நான்கும் அந்தக் கற்கள்தான்.

அடுத்த சுற்று ஐந்து இருபதுக்கு. அதற்குள் படியைப் பெயர்த்து, கல்லை மேட்டுக்கு ஏற்றி, வெள்ளைக் கோட்டின் உயரத்துக்கு அடுக்கி, இடுக்கில் களிமண் அப்ப வேண்டும். அக்கா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கடப்பாரையைப் பிடித்தாள். தரகர் காரில் ஏறப் பார்த்தார்.

"எங்க கிளம்பிட்டீங்க? இன்னொரு பார்ட்டியா?" என்றாள் அக்கா.

அவர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு வந்து களிமண் பிசைந்தார். நன்றாகவே பிசைந்தார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஐந்து இருபதுக்குச் சுனை வந்தது. பசுவும் வந்தது. இந்தத் தடவை தண்ணீர் உடனே ஓடைக்குப் போகவில்லை, கற்கரைக்குள் ஏறியது. இரண்டு இடத்தில் களிமண் கரைந்து பீறிட்டது. வாஷர் உள்ளங்கையால் அழுத்தி அடைத்தான். கால் மணி நேரத்தில் வெள்ளைக் கோட்டைத் தொட்டு, கரையின் மேல் விளிம்பில் வழிந்து ஓடையில் இறங்கியது. ஆறு மணி நெருங்கும்போது வழிசல் மெலியத் தொடங்கியது. பட்டையாக விழுந்தது கயிறாகியது, கயிறு சரடாகியது.

"ஆறு அஞ்சு" என்றார் டிரைவர், கடிகாரத்தில் கண்ணை வைத்தபடி. "நிறுத்தம்."

எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டு அந்தக் களக்குக்காகக் காத்திருந்தார்கள். அக்காவின் கை களிமண்ணோடு தம்பியின் முழங்கையைப் பிடித்திருந்தது. ஆறு பத்து. சரடு இன்னும் மெலிந்தது. ஆறு பதினைந்து. ஆறரை. களக் வரவில்லை. சரடு அறவும் இல்லை. ஒரு விரல் தடிமனில், அவசரமில்லாமல், வழிந்துகொண்டே இருந்தது.

அக்கா முதலில் பேசினாள். "இவ்வளவுதானா? செவ்வாக்கிழமை ஓடின ஓடை எங்கடா?"

வாஷர் வாளியை வைத்தான். இரண்டு நிமிஷத்தில் நிரம்பியது.

"அன்னிக்கு இருபத்து நாலு விநாடி" என்றாள் அவள் மெதுவாக.

"அன்னிக்கு மூணே முக்கால் மணி நேரத் தண்ணி முக்கால் மணில ஓடுச்சு. இப்ப ராப்பகலா ஓடும். ரெண்டு நிமிஷத்துக்குப் பதினஞ்சு லிட்டர்னா ஒரு நாளைக்குப் பத்தாயிரத்து எண்ணூறு லிட்டர். உன் மாடு ஒன்னு எவ்வளவு குடிக்கும்?"

"கறவைன்னா வெயில்ல நூறு லிட்டர்கூட இழுக்கும்."

"எல்லாத்தையும் கறவைன்னே வெச்சுக்க. ரெண்டாயிரத்து இருநூறு. தொழுவம் கழுவ, பால் கேன் கழுவ, நீ குளிக்க, எல்லாம் போகவும் மிச்சம் இருக்கும்."

"கோடைல?"

"அதான் சார் எழுதி வெச்சிருக்காரே. ஆறு மணி நேரத்துக்கு ஒரு டிரிப்னா நாளைக்கு நாலு. ஒரு டிரிப்புக்கு ஆயிரத்து அறநூத்தி அம்பது லிட்டர். நாளைக்கு ஆறாயிரத்து அறநூறு. பன்னெண்டு வருஷத்துல இதுக்குக் கீழ ஒரு நாள்கூட போகல." வாஷர் தரகர் பக்கம் திரும்பினான். "அண்ணே, எந்த நோட்டை மாவு டப்பாவுக்குப் பின்னாடி ஒளிக்கச் சொன்னீங்களோ, அதைத்தான் முதல் நாளே மேசைல வெச்சிருக்கணும். எந்த நிலத்துக்கு இப்படி ஒரு கணக்கு இருக்கு?"

தரகர் விரல்களுக்கு நடுவே ஒட்டியிருந்த களிமண்ணை ஆராய்ந்தார்.

டிரைவர் மட்டும் சுனையைவிட்டு நகரவில்லை. "அப்ப ஒம்போது மணி டிரிப்?"

"கிடையாது சார்."

"கிடையாதா." அவர் கைக்கடிகாரத்தை ஒருமுறை பார்த்தார். பிறகு அதைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, விரல் தடிமனில் வழிந்த தண்ணீரை உள்ளங்கையில் பிடித்துக் குடித்தார். "முதல் நாள் இப்படித்தான் இருந்துச்சு. இதே மாதிரிதான்."

பசுவுக்குத்தான் ஒன்றும் புரியவில்லை. குடித்து முடித்துத் திரும்பிப் போனது. கொஞ்ச தூரத்தில் நின்றது. தண்ணீர் ஓசை இன்னும் கேட்கிறதே என்று காதைத் திருப்பியது. மறுபடி வந்து, தாகமில்லாமலே, வாயை வைத்துப் பார்த்தது.

அக்கா அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அன்று முழுக்க இறுகியிருந்த அவள் தோள்கள் கொஞ்சம் இறங்கின. "சார், வாங்கறதா இருந்தா அந்த மூணு நோட்டையும் நிலத்தோட சேத்துக் குடுக்கணும்."

"வாங்கறதா இருந்தாவா?" என்றார் தரகர்.

"என் தம்பி இன்னும் வாயைத் திறக்கலையே." அவள் வாஷர் நின்ற பக்கம் திரும்பினாள். "என்னடா சொல்ற?"

வாஷர் அங்கே இல்லை. சுனைக்கரையிலிருந்து தொழுவத்தை நோக்கி நீட்டி நீட்டி அடியெடுத்து வைத்துக்கொண்டிருந்தான், உதடுகள் எண்ணிக்கொண்டிருந்தன. தொழுவத்துத் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று திரும்பி, சுனை எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு பார்த்தான்.

"தொண்ணூத்தியாறு அடி" என்று அங்கிருந்தே குரல் கொடுத்தான். "நல்ல சரிவு. மோட்டாரே வேணாம். ஒன்னேகால் இன்ச் பைப் போதும். ரெண்டு எல்போ, ஒரு வால்வ். நாளைக்கே எடுத்துட்டு வரட்டுமா?"

அக்கா இடுப்பில் செருகிய சேலையை இறக்கிவிட்டாள். "கேட்டீங்களா சார்? எங்க வீட்டுல 'சரி'ன்னு சொல்றது இப்படித்தான்."

பேசி முடிக்க நால்வரும் வீட்டுக்குத் திரும்பினார்கள். முன்னால் நடந்த தரகர் பழக்க தோஷத்தில் காலைத் தூக்கி முதல் படியில் வைத்தார். படி மேட்டில், சுனைக்குக் காவலாக இருந்தது.